மூன்றாவது தாலியில் இடப்பக்கம்

மாப்பிள்ளை வீடு பார்க்க மலேசியா போய்வந்தோம் என்று சொன்னால், "வீடு எப்படி, பெருசா?" என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். உண்மையில் பேச்சு முடியும் வரை அந்த வீட்டில் நாங்கள் இருந்தது ஒரே ஓர் இரவு. மற்ற நேரமெல்லாம் சம்பந்தி வீட்டாருடன் கடலோரத்தில் கூடாரம் போட்டுக் கிடந்தோம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

எங்கள் மகள் கயல்விழி கோலாலம்பூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் தினேஷைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக ஒருநாள் போனில் சொன்னாள். "செய்துகொள்ளட்டுமா" என்று அவள் கேட்கவில்லை என்பதை என் வீட்டுக்காரர் உடனே கவனித்துவிட்டார். திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருப்பவர் அவர். கோபம் வந்தால் வாயையும் சேர்த்துப் பூட்டிக்கொள்வார். சாவி எங்கே இருக்கிறதென்று கட்டிக்கொண்ட எனக்கே பல நேரம் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து வாயைத் திறந்தார். "சரி, போய்ப் பாப்போம். ஆனா ஒரு முடிவு தெரியிற வரைக்கும் அவிங்க வீட்ல கை நனைக்கிறதில்ல."

எங்கள் பக்கத்தில் இது ஒரு சட்டம். சம்பந்தம் பேசி முடியும் முன் அந்த வீட்டில் சோற்றில் கை வைத்தால், சம்மதம் என்று அர்த்தம். எனவே ஒரு பை நிறைய முறுக்கு, எள்ளுருண்டை, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் என்று எடுத்துக்கொண்டார். பையின் ஜிப்பில் தன் கடைப் பூட்டு ஒன்றையும் தொங்கவிட்டார்.

விமான நிலையத்துக்கு மகளும் தினேஷும் வந்திருந்தார்கள். கூடவே தினேஷின் அப்பா. நல்ல உயரம், முறுக்கு மீசை, கால்பந்துக் குழுவின் சிவப்புச் சட்டை. என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார்.

"வாங்கண்ணே, வாங்க! என் பேரு மணியம். ராசா."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து நின்றார். "ராஜாவா?"

"ராசாண்ணே. நாலு தலமொறயா நாங்க ராசாதான்."

வண்டியில் ஏறும்போது என் காதருகே வந்து, "மணியக்காரர் பரம்பர போல. இவ ஒரு வார்த்த சொல்லல பாரு" என்றார். மகளிடம் கேட்டேன். ராசா என்பது ரவாங்குக்கு வடக்கே ரயில் நிற்கும் ஒரு சின்ன ஊர். மணியம் என்பது சுப்பிரமணியத்தின் பின்பாதி. அவர் ஒரு தொழிற்சாலையில் லோரி ஓட்டுகிறார். இதை நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது வண்டி ரவாங்கில் அவர்கள் வீட்டு வாசலில் நின்றுவிட்டிருந்தது. ஒரு மணி நேரம்தான் என்றாலும், ராஜ குடும்பத்தில் சம்பந்தம் வைத்திருந்தோம்.

வாசலில் தினேஷின் அம்மா லெட்சுமி நின்றாள். குள்ளம், கனத்த குரல். மூன்று வீடு தள்ளி இருப்பவர்களுக்கும் நாங்கள் வந்தது தெரியும்படி வரவேற்றாள். அன்றிரவு என் வீட்டுக்காரர் வயிறு சரியில்லை என்று சொல்லி அறைக்குள் போய் முறுக்கு தின்றார். அந்தச் சத்தம் கூடம் வரை கேட்டது. 

மறுநாள் காலை லெட்சுமி கதவைத் தட்டி, "பசியாறிட்டீங்களாண்ணே?" என்றாள்.

"நான் பசியோட வந்திருக்கேன்னு யார் சொன்னது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மகள் ஓடிவந்து விளக்கினாள். அங்கே பசியாறுவது என்றால் காலைப் பலகாரம் சாப்பிடுவது; மரியாதையான விசாரிப்பு. நான் வெளியே வந்து பசியாறினேன். சட்டம் போட்டது அவர்தான், நான் அல்ல.

அப்போதுதான் மணியம் அறிவித்தார். வீட்டில் உட்கார்ந்து தட்டு மாற்றுவது போல முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. எல்லோரும் கேம்பிங் போகிறோம். கையில் இருந்த போனில் ஒரு வீடியோ காட்டினார். ஏதோ ஒரு தேசத்தில் செங்குத்தான பாறை, அதில் மோதும் அலை, பாறை மேல் ஒரு சின்னக் கூடாரம்.

"நம்ம கடலும் இதே மாதிரிதான் லா. கொஞ்சம் கரடு மொரடா இருக்கும், பயப்படக் கூடாது."

லெட்சுமி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஜெராம் பக்கம் பாறை எங்கருந்து வந்துச்சு?" என்றாள். அந்தக் கேள்வியை மணியம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேனில் ஏற்றிய சாமான்களைப் பார்த்தபோது, குடும்பம் வீட்டைக் காலி செய்கிறது என்றே நினைத்தேன். காஸ் அடுப்பு, குண்டான், மடக்கு மேசை, மீன் வைக்கும் ஐஸ் பெட்டி, காற்றடைக்கும் மெத்தை, போதாததற்கு மிளகாய்ச் சம்பால் இடிக்க ஒரு கல்லுரல். கல்லுரலை ஏற்றியதும் வேனின் பின்பக்கம் ஒரு சாண் இறங்கியது. என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில், பூட்டிய பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார்.

சாலையின் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். எங்கள் ஊர்ப் பனை போல ஒல்லியாக, தனியாக நிற்கிற மரமில்லை. குட்டையாக, தடியாக, வரிசை பிசகாமல் நிற்கின்றன. பார்த்துக்கொண்டே போனால் தூக்கம் வந்துவிடும். ஆனால் லெட்சுமி தூங்கவிடவில்லை.

"அக்கா, அந்தா பாருங்க, நான் பொறந்த லயம்!"

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைத்தான் லயம் என்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எட்டிப் பார்த்தேன். பெட்ரோல் நிலையம்தான் தெரிந்தது.

"அதேதான். மூணாவது பம்பு இருக்குல்ல, அங்கதான் எங்க அடுப்பு" என்று சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

மதியம் ஜெராமில், கடலைப் பார்த்தபடி இருந்த மீன் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். கை நனைக்கும் சட்டத்துக்கு அங்கே ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. கடை என்பது பொது இடம், யார் வீடும் அல்ல; எனவே சாப்பிடலாம். ஆனால் என் வீட்டுக்காரருக்கு ஆட்டுக்கறி தவிர வேறெதுவும் கறியல்ல. மிளகாய்க் குழம்பில் மிதந்த நண்டைப் பார்த்து, நண்டும் தன்னைப் பார்ப்பதாகச் சொல்லி, வெறும் சோறும் முட்டைப் பொரியலும் வாங்கிக்கொண்டார்.

மகளைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டு மீன் குழம்பு வாசத்துக்கே மூக்கைப் பொத்துகிறவள். இங்கே நண்டுக் காலைக் கடைவாயில் வைத்துப் படீரென்று உடைத்தாள். லெட்சுமி சதையை நோண்டி எடுத்து அவள் தட்டில் போட்டபடி, "மெதுவா, பல்லு போயிரும். அப்புறம் கல்யாணப் படத்துல ஓட்டப் பல்லோட நிப்ப" என்று திட்டினாள். மகள், "நீங்க மொதல்ல எனக்குப் பெரிய கால குடுங்க ஆண்ட்டி" என்றாள். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் விசாரணையைத் தொடங்கினார். "உங்க பூர்வீகம் எது?"

"ராசாண்ணே."

"அதுக்கு முன்னாடி?"

"தாத்தா சேலத்துப் பக்கம்னு சொல்லுவாங்க."

"சேலத்துல எந்தப் பக்கம்?"

"கப்பல் ஏறுன பக்கம்."

சேலத்தில் ஏது கப்பல் என்று யாரும் கேட்கவில்லை. அவர் எதைக் கேட்க வருகிறார் என்று எனக்குத் தெரியும். மணியத்துக்கும் தெரியும். கேள்வி நெருங்கும்போதெல்லாம் அவர் நண்டுத் தட்டை என் வீட்டுக்காரர் பக்கம் தள்ளினார், கேள்வி பின்வாங்கியது.

மாலையில் கோலசிலாங்கூர் குன்றுக்குப் போனோம். கீழே ஆறும் தூரத்தில் கடலும் தெரியும் இடம். அங்கே சாம்பல் நிறக் குரங்குகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவற்றின் குட்டிகள் ஆரஞ்சு நிறம். நாங்கள் குட்டிகளைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தபோது, வேறு சாதிப் பழுப்புக் குரங்கு ஒன்று பின்னாலிருந்து வந்து என் வீட்டுக்காரரின் பையைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது.

"பூட்டியிருக்கு, ஒண்ணும் பண்ண முடியாது" என்று அவர் நிதானமாகச் சொன்னார்.

குரங்கும் பூட்டைத் தொடவே இல்லை. பையின் அடியைக் கிழித்தது. எள்ளுருண்டைகள் முதலில் காலியாயின. முறுக்கைச் சொந்தக்காரர்களை அழைத்துப் பங்கு வைத்தது. புளிக்காய்ச்சல் டப்பாவைத் திறந்து ஒரு விரல் நக்கி, முகத்தைச் சுளித்து, எங்களைப் பார்த்தே எறிந்தது. கடைசியில் வெறும் பை கீழே விழுந்தது. பூட்டு அப்படியே இருந்தது. அவர் அதைக் கழற்றித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று கடலோரத்தில் கூடாரம் போடும் இடம் ஒன்றில் தங்கினோம். எங்களுக்கு ஒரு கூடாரம். கயலும் லெட்சுமியும் இன்னொன்றில். அப்பாவும் பிள்ளையும் வேனில். என் வீட்டுக்காரர் எங்கள் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதுக்குப் பூட்டு எங்க போடுறது?"

"பூட்டெல்லாம் இல்ல அங்கிள், ஜிப்தான்" என்றான் தினேஷ்.

"கதவே இல்லாத எடத்துல எப்புட்றா தூங்குவீங்க?"

ஜிப்பின் இரண்டு நுனிகளையும் சேர்த்து உள்பக்கமாகத் தன் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் படுத்தார். காலையில் சாவியைக் காணோம். வெளியே எல்லோரும் எழுந்து பல் விளக்கிவிட்டு, எங்கள் கூடாரத்தைச் சுற்றி நின்றார்கள். மணியம், "கத்தி கொண்டாரட்டாண்ணே?" என்றார். "வேணாம்" என்று ஒரு உறுமல் மட்டும் உள்ளேயிருந்து போனது. பூட்டு வியாபாரி, பூட்டு தவறு செய்ததாக ஒப்புக்கொள்ள முடியாது. கடைசியில் சாவி அவருடைய பனியனுக்குள் முதுகுப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் வெளியே வந்தபோது மணியமும் தினேஷும் வானத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லெட்சுமி வெங்காயம் போட்டு உப்புமா கிண்டியிருந்தாள். என் வீட்டுக்காரர் கறுப்புக் காப்பி மட்டும் குடித்தார். காப்பி திரவம், கை நனையாது. இது இரண்டாவது திருத்தம்.

தஞ்சோங் காராங் தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல் வயல். கண்ணுக்கெட்டிய வரை பச்சை, நடுவில் நேர்கோடாக வாய்க்கால்கள், வாய்க்கால் மேட்டில் மோட்டார் சைக்கிளில் போகும் பெண்கள். தஞ்சாவூருக்கு யாரோ இஸ்திரி போட்டு மடிப்பு வைத்தது போலிருந்தது. என் வீட்டுக்காரரின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. வேனைத் தினேஷ் ஓட்ட, மணியம் வழி சொன்னார்.

"அடுத்த தாலி இல்ல. அதுக்கும் அடுத்தது. மூணாவது தாலில இடப்பக்கம் திரும்பு."

என் வீட்டுக்காரர் விருட்டென்று திரும்பினார். "என்னது, மூணாவது தாலியா? யாருக்கு?"

"அப்பா, தாலி ஆயர்னா மலாய்ல பாசன வாய்க்கால்" என்றாள் கயல். "ஒவ்வொண்ணுக்கும் நம்பர் உண்டு."

சாலையோரப் பலகையில் ஆங்கில எழுத்தில் தாலி என்றே எழுதியிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "கல்யாணம் பேச வந்த எடத்துல நல்ல சகுனம்தான்" என்று முணுமுணுத்தார். கேலியா, நிஜமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வாய்க்கால் முடிந்து, தென்னந்தோப்பு முடிந்து, கரையை அடைந்தோம். மணியம் வேனிலிருந்து குதித்து இரண்டு கையையும் விரித்தார். எதிரே பாறையும் இல்லை, அலையும் இல்லை. கடலே இல்லை. கரையோரம் சவுக்கு மரங்கள், ஒரு பக்கம் சேற்றில் வேரூன்றிய கண்டல் காடு, நடுவில் அடிவானம் வரை ஈயம் பூசினது போல ஒரே சேறு. கடல் தூரத்தில் கோடாகத் தெரிந்தது. மனித நடமாட்டமே கிடையாது. நண்டுகள்தான் வளையிலிருந்து எட்டிப் பார்த்து எங்களைக் கணக்கெடுத்தன.

"வத்து தண்ணி, கடல் வத்திக் கெடக்கு" என்றாள் லெட்சுமி. "இப்ப எறங்கக் கூடாது. தண்ணி ஏறி வர்ற நேரம்." சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். அவள் சொன்னதை நான் கேட்டேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை.

"இவ்வளவு தூரம் வந்துட்டு கால் நனைக்காம போனா எப்படி?" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். கை நனைக்க மாட்டேன் என்றவர் கால் நனைக்கப் போனார்.

முதல் ஐம்பதடி மணல் கலந்த தரை, கம்பீரமாக நடந்தார். பிறகு கணுக்கால் வரை போனது. அவர் திரும்பியிருக்கலாம். ஆனால் சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் நாலு எட்டு வைத்தார். முழங்கால். அடுத்த எட்டை எடுக்கப் பார்த்தபோது கால் வரவில்லை. மற்றக் காலை ஊன்றி இழுத்தார். அது தொடை வரை இறங்கியது.

"கயலு..." என்று ஒரு குரல் காற்றில் மிதந்து வந்தது. என் பெயரை அவர் கூப்பிடவில்லை என்பதை, பதற்றத்தின் நடுவிலும், நான் குறித்துக்கொண்டேன்.

"நான் வர்றேண்ணே, பயப்படாதீங்க!" என்று மணியம் ஓடினார். லெட்சுமி கரண்டியோடு ஓடிவந்து, "யோவ், நீ போகாத! ஒனக்குக் கடல பத்தி என்னாய்யா தெரியும்!" என்று கத்தினாள். ராசாவில் கடல் கிடையாது. மணியம் தன் சம்பந்தியின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். சேர்ந்த இடத்திலேயே நின்றார். அவரும் தொடை வரை.

அப்பாவைக் கயிறு கட்டி இழுக்கலாமென்று தினேஷ் வேனை மணலில் இறக்கினான். கல்லுரல் இருந்த பக்கத்துச் சக்கரம் அச்சு வரை புதைந்தது. இப்போது இரண்டு சம்பந்திகளும் ஒரு வேனும் சேற்றில்.

அடிவானத்துக் கோடு கோடாக இல்லாமல் பளபளவென்று தட்டையாக எங்களை நோக்கி வருவதை அப்போதுதான் பார்த்தேன். சத்தமே இல்லை. அலை இல்லாத கடல் எவ்வளவு வேகமாக வரும் என்பது எனக்குத் தெரியாமலே இருந்தது. எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்தபோதுதான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது.

அங்கே இரண்டு ஆண்களும் நட்டுவைத்த கம்பம் போல அருகருகே நின்றார்கள். காற்று எங்கள் பக்கம் அடித்ததால் பேசியது முழுவதும் கேட்டது.

"நீச்சல் தெரியுமா?" என் வீட்டுக்காரர்.

"தெரியாதுண்ணே. ஒங்களுக்கு?"

"திண்டுக்கல்லுல தண்ணியே கெடையாது."

தண்ணீர் வரும் பக்கம் இருவரும் பார்த்தார்கள். பிறகு என் வீட்டுக்காரர், "மணியம், கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க, உங்க ஆளுக..." என்று ஆரம்பித்தார். அந்த நிலையிலும்!

மணியம் கையை நீட்டினார். "அண்ணே, எதுவா இருந்தாலும் அப்புறம் கேளுங்க. இப்ப இந்தக் கைய புடிக்கிறீங்களா, இல்லியா?"

தண்ணீர் அவர்களின் தொடையைச் சுற்றிய சேற்றைத் தொட்டுவிட்டது. என் வீட்டுக்காரர் பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்தார்.

இதற்குள் லெட்சுமி காற்று மெத்தையைச் சேற்றின் மேல் தள்ளிக்கொண்டு, அதன் மேல் குப்புறப் படுத்துவிட்டாள். பின்னால் கயல், அவள் காலைப் பிடித்தபடி. மெத்தையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை நானும் தினேஷும் பிடித்தோம். ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள் லெட்சுமி. சின்ன வயதில் சிப்பி பொறுக்கிய சேறுதான் இது.

"நிக்காதீங்க! நின்னா எறங்கிக்கிட்டேதான் போவும். படுங்க! ரெண்டு பேரும் படுத்து ஊர்ந்து வாங்க!"

மணியம் யோசிக்காமல் முகம் குப்புற விழுந்தார். மீசை வரை சேறு. என் வீட்டுக்காரர் படுக்கவில்லை. வெள்ளைச் சட்டை. கழுத்தில் சங்கிலி. சம்பந்தி வீட்டார் முன்னால், பெண்டாட்டி பிள்ளை முன்னால், சேற்றில் படுப்பதா? தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

அப்போது என் மகள் மெத்தையிலிருந்து எழும்பிக் கத்தினாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் கத்தும் பழக்கம் கிடையாது.

"அப்பா! மானம் மரியாதய எல்லாம் கரைக்கு வந்து பாத்துக்கலாம் லா! படுங்கப்பா!"

அவர் அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பக்கத்தில் லெட்சுமி, "சொல்லு, இன்னும் சத்தமாச் சொல்லு!" என்று அவளைத் தூண்டிக்கொண்டிருந்தாள். அந்த ஊர்க்காரர்கள் பேச்சுக்குப் பேச்சு ஒட்டிவிடும் 'லா' என் மகள் வாயில் எந்த ஒட்டும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. அவள் இந்த ஊருக்கு எப்போதோ வந்து சேர்ந்துவிட்டாள் என்றும், நாங்கள்தான் தாமதமாக வந்திருக்கிறோம் என்றும் அப்போது எனக்குத் தோன்றியது. சந்தோஷமா, வலியா என்று பார்க்க நேரமில்லை. கயிறு கையை அறுத்தது.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு படுத்தார்.

ஊர்ந்து, உருண்டு, மெத்தையைப் பிடித்து, நாங்கள் இழுக்க, கரைக்கு வந்து சேர்ந்தார்கள். வேட்டி வரவில்லை. அதைக் கடலுக்கே கொடுத்துவிட்டார்.

வேனை இழுக்க ஆள் தேடித் தினேஷ் ஓடி, வயல் பக்கமிருந்து டிராக்டரோடு ஒரு மலாய்ப் பெரியவரை அழைத்து வந்தான். அவர் இறங்கி, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். தினேஷ் மொழிபெயர்த்தான்: "இதுல எது எந்த ஆளுன்னு கேக்குறாரு."

இந்தியாவிலிருந்து பெண் வீட்டார் வந்திருக்கிறார்கள் என்று மணியம் மலாயில் விளக்கினார். பெரியவர் திகைத்துப்போய் என் வீட்டுக்காரரிடம் நேராகப் பேசினார். "இவ்வளவு தூரம் வந்தவரை வீட்டுக்குள் உட்கார வைத்துப் பேசியிருக்கக் கூடாதா, இந்த மனுஷன்?" என்று அதற்கு அர்த்தம். என் வீட்டுக்காரர் இரண்டு நாளில் முதன்முறையாக, தன்னைப் புரிந்துகொண்ட ஒருவரைக் கண்டவர் போலத் தலையாட்டினார். பெரியவர் வேனை இழுத்துப்போட்டார். தோப்புக்குள் இருந்த தண்ணீர்க் குழாயைக் காட்டினார். கல்யாணத்துக்குத் தன்னையும் கூப்பிட வேண்டும், ஆனால் மண்டபத்தில் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டுப் போனார்.

குளித்து முடித்ததும் மாற்றுத் துணிக் கேள்வி வந்தது. வேனுக்குள் கீழே வைத்திருந்த எங்கள் பெட்டி சேற்றுத் தண்ணீரில் நனைந்திருந்தது. கடைசியில் என் வீட்டுக்காரர் மணியத்தின் அரைக்கால் டவுசரும், முதுகில் பெரிய எண் போட்ட கால்பந்துச் சட்டையுமாக வந்து பாயில் உட்கார்ந்தார். முப்பது வருடத்தில் அவர் முழங்காலை வெளிச்சத்தில் அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை.

லெட்சுமி சோறு வடித்து, நெத்திலிச் சம்பாலும், ரசமும், முட்டையும் வைத்தாள். யாருக்கும் தட்டு நீட்டவில்லை. நடுவில் வைத்துவிட்டு, "எடுத்துக்குங்க" என்று பொதுவாகச் சொன்னாள். எல்லோரும் குனிந்து சாப்பிடத் தொடங்கினோம். ஒருவரும் நிமிரவில்லை. என் பக்கத்தில் தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கரண்டிச் சத்தம். ரொம்ப நேரத்துக்குப் பிறகு, "அந்த ரசத்த இங்குட்டுத் தள்ளு" என்றார். மணியம் தள்ளினார். கயல் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். அவள் தோள் குலுங்கியது.

காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன். பாத்திரம் கழுவும்போதுதான் முடியவில்லை என்று தெரிந்தது.

நானும் லெட்சுமியும் குழாயடியில் இருந்தோம். அவள் குரலை முதன்முறையாகத் தாழ்த்தினாள். "அக்கா, நீங்க பாத்துட்டீங்க. எனக்கு இன்னும் மனசு முடிவாகல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் பார்க்க வந்தவர்கள் என்றே இருந்தேன். நாங்களும் பார்க்கப்படுகிறோம் என்று ஒரு கணம்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

"அண்ணே நல்லவருதான். ஆனா நேத்துலேருந்து பாக்குறேன், கோவம் வந்தா பேச மாட்றாரு. எங்க வீட்ல சண்டன்னா சத்தம் போடுவோம், அஞ்சு நிமிசத்துல தேத்தண்ணி கலக்கிக் குடிச்சுருவோம். பேசாம இருந்தா எனக்குத் தாங்காதுக்கா, பயமா இருக்கும். கயலும் அப்படியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சேற்றில் கயல் போட்ட சத்தமே சாட்சியாக இருந்தது. ஆனால் மெத்தையில் முதலில் குப்புறப் படுத்தவள் என் முன்னால் உட்கார்ந்து குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றேன். "அப்பாவுக்குத் தப்பாத பிள்ளை. ஒரு தடவ, கேட்ட காலேஜ்ல சேத்துவிடலன்னு எங்கிட்ட ஒரு மாசம் பேசல. ஒரே வீட்ல இருந்துக்கிட்டே. இன்னிக்கித்தான் அவ கத்திக் கேக்குறேன்."

லெட்சுமி குண்டானைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியவிட்டாள். ரொம்ப நேரம் தேய்த்த கரியையே மறுபடி தேய்த்தாள். "அப்ப நான் என்னா பண்ணணும்?"

"அவ கதவச் சாத்திக்கிட்டா வெளிய நின்னு பேசிக்கிட்டே இருங்க. பதில் வராது. ஆனா கேட்டுக்கிட்டிருப்பா. எனக்கு அது அப்பத் தெரியல."

"எவ்ளோ நேரம் பேசணும்?"

"உங்களுக்கு அது கஷ்டமா இருக்காது" என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு குழாயடி அதிர அப்படி ஒரு சிரிப்பு. தோப்புப் பக்கமிருந்து மணியம், "என்னா ஆச்சு?" என்று கத்தினார். "ஒன்னும் இல்ல லா!" என்று அவள் அதைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

சாயங்காலம் புறப்பட்டோம். சேறு காய்ந்து, வேன் ஓடும்போது பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நெல் வயல்கள் முடிந்து செம்பனை மரங்கள் தொடங்கும் வரை என் வீட்டுக்காரர் பேசவில்லை. நான் லெட்சுமியைப் பார்த்தேன். அவள் முகத்தில் அந்தப் பயம் வந்திருந்தது.

திடீரென்று அவர் தொண்டையைச் செருமினார். "மணியம்."

"சொல்லுங்கண்ணே."

"எங்க ஊர்ல கடல் கெடையாது."

"தெரியும்ணே."

"மலதான். சிறுமலைன்னு ஒண்ணு இருக்கு." கொஞ்ச தூரம் வேன் ஓடியது. "மண்ணு கெட்டி. எங்க நின்னாலும் கால் உள்ள போவாது."

அதற்கு மேல் சொல்லவில்லை. மணியம் குழப்பத்தோடு கண்ணாடியில் பின்னால் பார்த்தார். லெட்சுமி என் காதருகே குனிந்து, "என்னக்கா சொல்றாரு?" என்றாள்.

"வாங்கன்னு கூப்புடுறாரு" என்றேன்.